சூரைக் கறியும் சளி டப்பாவும்: காசநோய் பற்றிய கேள்வி பதில்

திருகோணமலையில் இருபது வருடத்துக்கு மேல் நுணுக்குக்காட்டிக்குக் கீழே சளி பார்த்தவன் நான். இப்போது ஆய்வுகூடப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். டொக்டர் இல்லை, அதை முதலே சொல்லிவிடுகிறேன். கேட்டவர்களின் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

உப்புவெளி, ஏ.எல். மாணவி: சேர், மக்ரோபேஜ் எண்ட வெள்ளைக் கலம் கிருமியை விழுங்கி அழிக்கும் என்றுதான் படிச்சனாங்கள். அப்ப ரிபி (காசநோய்) கிருமி மட்டும் எப்படித் தப்புது?

பிள்ளை, விழுங்குவது வேறு, செரிப்பது வேறு. மக்ரோபேஜ் கிருமியை ஒரு சின்னப் பைக்குள் அடைக்கும். பிறகு அமிலமும் நொதியமும் நிறைந்த லைசோசோம் வந்து அந்தப் பையோடு ஒட்டவேண்டும். ரிபி கிருமி அந்த ஒட்டுதலைத் தடுத்துவிடுகிறது. மெழுகுபோன்ற போர்வையும் அதற்கு உண்டு. தின்ன வந்தவனின் வயிற்றுக்குள்ளேயே குடியிருந்து பெருகுகிறது, அதுவும் ஆறுதலாக. குடலில் இருக்கும் ஈ.கோலை நல்ல வசதி கிடைத்தால் 20 நிமிடத்தில் இரண்டாகும். இதற்கு ஏறக்குறைய 20 மணி நேரம் வேண்டும். சளியை வளர்ப்பூடகத்தில் போட்டுவிட்டு நாங்கள் வாரக்கணக்கில் காத்திருப்பது இதனால்தான்.

ஒரே வருடத்தில் நடந்த இரண்டு விஷயம் சொல்கிறேன். 1882 மார்ச் 24ஆம் திகதி ஜேர்மன் டொக்டர் றொபேட் கொக், பேர்லினில் இந்தக் கிருமியைக் கண்டுபிடித்ததை அறிவித்தார். அதே வருடக் கடைசியில் இத்தாலியின் மெசினாவில் ரஷ்ய விலங்கியலாளர் மெச்னிகோவ், கண்ணாடிபோலத் தெரியும் நட்சத்திரமீன் குடம்பிக்குள் ரோஜா முள்ளைக் குத்தி வைத்தார். விடிய எழும்பிப் பார்த்தால் முள்ளைச் சுற்றிக் கலங்கள் மொய்த்திருந்தன. விழுங்கும் கலம் என்ற எண்ணம் அங்கேதான் பிறந்தது. கள்வனும் காவல்காரனும் ஒரே வருடத்தில் அகப்பட்டார்கள். இருவரும் ஒரே வீட்டில் குடியிருப்பது பிறகுதான் தெரியவந்தது.

அதே மாணவி: கிரனுலோமா, அதாவது ரிபி கிருமியைச் சுற்றிச் சேருற கலக் கட்டி, கிருமியை அடைச்சு வைக்கிற சுவர்தானே?

நானும் அப்படித்தான் படித்தேன், பல வருடம் அப்படியே படிப்பித்தும் விட்டேன். லலிதா ராமகிருஷ்ணனின் குழு (நோபல் பரிசு பெற்ற வெங்கி ராமகிருஷ்ணனின் தங்கை இவர்) சீப்ரா மீன் குஞ்சுகளில் ரிபி கிருமியின் ஒன்றுவிட்ட சகோதரமான மைக்கோபக்றீரியம் மரினத்தை ஏற்றிப் பார்த்தது. குஞ்சின் உடல் ஊடுதெரியும், உயிரோடேயே உள்ளே நடப்பதைப் பார்க்கலாம். 2009இல் அவர்கள் சொன்னது இதுதான்: கிரனுலோமாவுக்குள் செத்துக் கிடக்கும் கலத்தைத் துப்புரவாக்கப் புது மக்ரோபேஜ்கள் வரும், செத்ததை விழுங்கும், அதோடு கிருமியையும் வாங்கிக்கொள்ளும். சில வெளியேறி வேறிடத்தில் புதிதாக ஒன்றைத் தொடக்கும். ஆரம்பத்தில் சுவரே பாதையாகிறது. ஆனால் பரீட்சையில் பாடப்புத்தகத்தில் உள்ளதையே எழுதும், இல்லாவிட்டால் புள்ளி போய்விடும்.

மூதூர்: அண்ணை, அப்பா கடற்தொழில். ரிபி குளிசை தொடங்கி மூண்டு கிழமை. முந்தநாள் சூரைக் கறி சாப்பிட்டு அரை மணித்தியாலத்தில முகம் செக்கச்செவேல் எண்டு சிவந்து, நெஞ்சு படபடத்து, தலையிடி. மருந்து ஒத்துக்கொள்ளேல்லை எண்டு நிப்பாட்டப் போறார்.

நிப்பாட்ட விடாதேங்கோ தம்பி. இன்றே கிளினிக்குக்கு அறிவியுங்கோ, என்ன சாப்பிட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கோ. மீனைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன். சூரை போன்ற மீன்களின் தசையில் ஹிஸ்டிடின் என்ற பொருள் அதிகம். ஐஸ் போடாமல் வள்ளத்தில் வெயில்பட்டால் பற்றீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும், முகத்தைச் சிவக்கவும் நெஞ்சைப் படபடக்கவும் வைப்பது அதுதான். எவ்வளவு கொதிக்கவைத்தாலும் ஹிஸ்டமின் அழியாது. மற்றவர்களின் உடலில் அதை உடைக்கும் நொதியம் இருக்கிறது. அப்பா எடுக்கும் ஐசோனியசிட் என்ற ரிபி மருந்து அந்த நொதியத்தை மடக்கிவிடும். ஒரே சட்டியில் எல்லாரும் சாப்பிட்டிருப்பீர்கள், அவருக்கு மட்டும் வந்திருக்கும். சரியா?

இதை உலகத்துக்கு எடுத்துக்காட்டியவர்களில் எங்கள் நாட்டு நெஞ்சுநோய் நிபுணர் சி. ஜி. உரகொடவும் ஒருவர். 1970களில் இங்கே நோயாளர்களிடம் கண்டதை எழுதினார். வெளிநாட்டுப் புத்தகத்தை மட்டும் மனப்பாடம் செய்திருந்தால் இந்தக் கேள்வியே அவருக்கு வந்திராது. சோறு என்ன, கறி என்ன என்று கேட்டவருக்குத்தான் வந்தது. மருத்துவப் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லும் கதையும் இதுதான்.

சிகிச்சை முடியும்வரை சூரையைத் தள்ளி வையுங்கோ. வேறு மீனென்றாலும் பிடித்த உடனே ஐஸ் கண்டதாக இருக்கவேண்டும். சிறுநீர் செம்மஞ்சளாகப் போவது வேறு கதை, அது ரிபாம்பிசின் என்ற மற்ற ரிபி மருந்தின் நிறம், பயமில்லை. கண் மஞ்சளானால் மட்டும் அன்றைக்கே காட்டவேண்டும்.

கிண்ணியா: பிறந்த உடனே பிசிஜி எண்ட ரிபி தடுப்பூசி போட்ட எனக்கு 34 வயதில ரிபி எப்படி வந்தது?

பிசிஜி குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் வகை ரிபியையும் உடல் முழுக்கப் பரவும் வகையையும் நன்றாகத் தடுக்கும். வளர்ந்தவர்களின் நுரையீரல் ரிபியை அப்படித் தடுப்பதில்லை. 1968இல் தமிழ்நாட்டுச் செங்கல்பட்டில் தொடங்கிய பெரிய ஆய்வு அதை வெளிச்சம் போட்டுக் காட்டியது. அதற்காகப் பிள்ளைகளுக்குப் போடாமல் விடாதீர்கள்.

சாம்பல்தீவு: வீட்டில வைச்சுப் பார்த்தால் பிள்ளைகளுக்குத் தொத்தாதா? முந்தி சனற்றோரியத்தில அல்லோ வைச்சவை?

1956இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு இந்தக் கேள்வியைத்தான் எடுத்தது. ஒரு பகுதி நோயாளரைச் சனற்றோரியம் என்ற ரிபி ஆஸ்பத்திரியிலும் மற்றப் பகுதியை நெருக்கமான ஏழை வீடுகளிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதேயளவு குணமானார்கள், அவர்களுடைய குடும்பத்தாருக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. தொற்றுவது பெரும்பாலும் மருந்து தொடங்க முதல். ஆனபடியால் வீட்டிலுள்ள எல்லாரையும் ஒருமுறை சோதியுங்கோ. கோப்பை, தட்டைப் பிரித்து வைத்து அவரை நோகடிக்கத் தேவையில்லை, இது காற்றால் பரவுவது.

தம்பலகாமம்: எதிர்ப்புச் சக்தியைக் கூட்டினால் குளிசை இல்லாமலே மாறும் எண்டு கசாயம் விக்கினம்.

விற்பார்கள். எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் டிஎன்எஃப் என்ற சமிக்ஞைப் புரதம் குறைந்தால் கிருமி பெருகும். மூட்டுவாதத்துக்கு அதை அடக்கும் ஊசி போடமுன் ரிபி சோதிப்பது இதற்காகத்தான். அது அளவு மிஞ்சினாலும் மக்ரோபேஜ் வெடித்துக் கிருமி வெளியே கொட்டும். இதையும் அந்த மீன் குஞ்சுகளில்தான் கண்டார்கள். கூடினாலும் ஆபத்தென்றால் எதைக் கூட்டப் போகிறார்கள்? குளிசைக்குப் பதிலாக எதுவும் வேண்டாம்.

நகரம், ஒரு தாய்: மகள் மருத்துவபீடம் போறாள். முழுக்கத் தமிழில படிச்சவள், சமாளிப்பாளா?

சமாளிப்பாள் அக்கா. 19ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் டொக்டர் சாமுவேல் கிறீன் தமிழில் மேல்நாட்டு மருத்துவம் படிப்பித்தவர். முதல் வருடம் ஆங்கிலம் இடறும், பிறகு கை வரும். நான் பயப்படுவது மற்றப் பக்கத்துக்கு. ஐந்து வருடத்தில் “இளைப்பு”, “நெஞ்சு அடைக்குது”, “உள்காய்ச்சல்” என்று நோயாளி சொல்வது பிள்ளைக்கு விளங்காமல் போய்விடக்கூடாது. ஒரு கொப்பியில் இரண்டு மொழியிலும் எழுதச் சொல்லுங்கோ.

நிலாவெளி: சளி கொண்டுவரச் சொன்னவை, எச்சில்தான் வருது.

எச்சிலில் எனக்கு ஒன்றும் தெரியாது. விடிய எழும்பி வாயைத் தண்ணீரால் கொப்பளித்துவிட்டு, முற்றத்தில் ஆட்கள் இல்லாத இடமாக நில்லுங்கோ. இரண்டு மூன்று தரம் ஆழமாக மூச்செடுத்து அடிநெஞ்சிலிருந்து இருமுங்கோ. தடிப்பாக, கொஞ்சம் மஞ்சளாக வந்தால் அதுதான். நீலத் தரையில் சிவப்பு ஈர்க்குத் துண்டுபோல அந்தக் கிருமி எனக்குத் தெரிவது அப்படிப்பட்ட சளியில்தான். டப்பா மூடியை இறுக்கிப் பூட்டுங்கோ. பஸ்ஸில் ஊற்றுப்பட்டால் அடுத்த நாள் விடிய திரும்பவும் முற்றத்தில் நிற்கவேண்டும்.