யானைப்புல்லும் தவிடும் குதிரைக்கு ஏற்றவையா? – குதிரை வளர்ப்போர் கேள்வி பதில்

இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தீவனத்தையும் வெக்கையையும் பற்றியவை. காஜாங்கிலிருந்து வந்த கடிதம் தாமதிக்கக்கூடாதது என்பதால் அதனை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி (காஜாங் வாசகர்): பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற ஒன்பது வயதுக் குதிரையை இரண்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கினோம். தோட்டத்தில் மாடு வளர்த்த குடும்பம் நாங்கள். தீவனத்தில் குறை வைத்ததே இல்லை. வீட்டுக்குப் பின்னால் நட்டிருக்கும் யானைப்புல்லை இருவேளையும் வெட்டிப் போடுகிறோம். மாலையில் 3 கிலோ அரிசித் தவிடு தருகிறோம். சில மாதங்களாக ஒரு நாள் முன்னங்கால், மறுநாள் பின்னங்கால் என்று மாறி மாறி நொண்டுகிறது. முகத்தின் இருபுறமும் எலும்பு புடைத்தாற்போல் இருக்கிறது. இரத்தத்தில் கால்சியம் சரியான அளவில் இருப்பதாகப் பரிசோதனை சொல்கிறது. வேறு என்னவாக இருக்கும்?

பதில்: மாறி மாறி வரும் நொண்டல், முகத்து எலும்பின் புடைப்பு, யானைப்புல், தவிடு ஆகிய நான்கையும் ஒரே கடிதத்தில் கண்டபோது எனக்குக் கவலை மேலிட்டது. நேரில் பார்க்கும் மருத்துவரே நோயை உறுதிசெய்ய வேண்டும் என்றாலும், இவை குதிரைக்காரர்கள் பெருந்தலை நோய் என்று சொல்லும் கால்சியக் குறைபாட்டின் அடையாளங்கள் என்றே கருதுகிறேன்.

நேப்பியர் என்றும் அழைக்கப்படும் யானைப்புல்லில் ஆக்சலேட் என்னும் பொருள் மிகுதியாக உள்ளது. அது புல்லிலுள்ள கால்சியத்தைப் பற்றிக்கொண்டு கரையாத படிகமாக மாற்றிவிடுகிறது. மாட்டுக்கு இதனால் பெரும்பாலும் தீங்கு நேர்வதில்லை. ஏனெனில் அதன் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டைச் சிதைத்துக் கால்சியத்தை விடுவித்துவிடுகின்றன. குதிரைக்கோ புல்லைப் புளிக்கவைத்துச் செரிக்கும் பகுதி குடலின் பிற்பாதியில் இருக்கிறது. கால்சியத்தை உடல் ஈர்த்துக்கொள்ளும் சிறுகுடல் அதற்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது. எனவே பூட்டப்பட்ட கால்சியம் பூட்டியபடியே இலத்தியோடு வெளியேறுகிறது. தங்கள் குடும்பத்தின் மாடுகளைக் கொழுக்கவைத்த அதே புல், வயிறு நிறையத் தின்னும் குதிரையை எலும்புக்குள் பட்டினி போடுவது இவ்வாறுதான்.

இதற்கு மேல் தவிடு சேர்கிறது. குதிரையின் தீவனத்தில் பாஸ்பரஸைவிடக் கால்சியம் கூடுதலாக இருக்க வேண்டும். ஒன்றுக்கு ஒன்று என்பதற்குக் கீழே அது ஒருபோதும் இறங்கக்கூடாது. அரிசித் தவிட்டிலோ பாஸ்பரஸ் கால்சியத்தைப் போல் பத்து மடங்குக்கும் மேல். மாவு ஆலைகளில் மலிவாகக் கிடைத்த தவிட்டைத் தின்ற வண்டிக் குதிரைகளுக்கும் ஒரு காலத்தில் இதே நோய்தான் வந்தது. இரத்தப் பரிசோதனை சரியாக இருப்பதைக் கண்டு அமைதி அடைய வேண்டாம். இரத்தத்தில் கால்சியம் குறையத் தொடங்கியதும், கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பி எலும்பிலிருந்து கால்சியத்தைக் கரைத்து எடுத்து இரத்தத்தின் அளவைச் சரிசெய்துவிடுகிறது. எலும்பு இழந்த இடத்தை நார்த்திசு நிரப்புவதால்தான் முகம் புடைக்கிறது. எக்ஸ்ரே படத்தில் இவ்விழப்பு தெரிவதற்குள் எலும்பின் தாதுச் சத்தில் ஏறத்தாழ 30 விழுக்காடு போயிருக்கும். சிறுநீரில் கால்சியமும் பாஸ்பரஸும் எந்த அளவில் வெளியேறுகின்றன என்பதைப் பார்க்கும் சோதனையே நோயை முன்னதாகக் காட்டும். செர்டாங்கிலுள்ள மலேசிய புத்ரா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனை தங்களுக்கு அருகிலேயே உள்ளது. குதிரையைக் காட்டும்போது என்ன தீவனம், எத்தனை கிலோ, எத்தனை மாதமாக என்பதை எழுதியே எடுத்துச் செல்லுங்கள்.

இப்போதைக்குச் சவாரியை அறவே நிறுத்துங்கள்; வலுவிழந்த எலும்பிலிருந்து தசைநாண் பிய்ந்து வரக்கூடும். தவிட்டையும் யானைப்புல்லையும் ஒரே நாளில் நிறுத்தினால் குதிரைக்கு வயிற்றுவலி வரும் என்பதால், ஏழு முதல் பத்து நாள்களுக்குள் படிப்படியாகக் குறைத்து விலக்குங்கள். அவற்றின் இடத்தில் காய்ந்த புல்லையும், கால்சியம் நிறைந்த லூசர்ன் எனப்படும் குதிரை மசாலையும் கொண்டுவாருங்கள். ஏறக்குறைய 450 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு 7 முதல் 9 கிலோ வரை காய்ந்த தீவனம் தேவைப்படும். இறக்குமதியாகும் காய்ந்த புல்லின் விலை நம்மைத் திணறடிக்கிறது என்பதை அறிவேன். பச்சைப்புல்லும் வேண்டுமென்றால் ரோட்ஸ் புல்லையோ அருகம்புல்லையோ வளர்க்கலாம். பிள்ளையாருக்குச் சார்த்தும் அதே அருகம்புல்லில் ஆக்சலேட் குறைவு. கினிப்புல்லும் செட்டேரியாவும் யானைப்புல்லைப் போன்றே ஆக்சலேட் உள்ளவை. அவற்றுக்கு மாறுவதால் பயனில்லை.

இழந்த எலும்பை மீட்பதற்கு, தீவனத் தரத்திலான சுண்ணாம்புக்கல் தூள் ஒரு பங்கும் டைகால்சியம் பாஸ்பேட் இரு பங்கும் கலந்து, வெல்லப்பாகில் குழைத்துத் தருவது ஆஸ்திரேலியாவின் வெப்பப் பகுதிகளில் நெடுநாளாக உள்ள முறை. தங்கள் குதிரைக்கு எவ்வளவு தரவேண்டும் என்பதை மருத்துவர் எடையைப் பார்த்து முடிவுசெய்யட்டும். வெற்றிலைக்குப் பூசும் சுண்ணாம்பை இதற்குப் பயன்படுத்தவே கூடாது. அது வாயையும் குடலையும் புண்ணாக்கிவிடும். நொண்டல் சில வாரங்களில் குறையத் தொடங்கும். எலும்பு தேறுவதற்கு ஆறு மாதமாவது ஆகும். முகத்தின் புடைப்பு முழுமையாக மறையாமலும் போகலாம். என்னுடைய முதல் குதிரைக்கு நானும் அறியாமல் நான்கு ஆண்டுகள் யானைப்புல்லையே போட்டேன். அது கல்லில் கால்வைக்கத் தயங்கியதை வயதின் குறை என்று எண்ணியிருந்தேன். ஆகவே, தாங்கள் அன்பில் குறைவைத்ததாக எண்ணி வருந்த வேண்டாம். நாளைக்கே தவிட்டைக் குறைக்கத் தொடங்குங்கள்.

கேள்வி (புக்கிட் மெர்தாஜாம் வாசகர்): குதிரைக்குக் கொள்ளுதான் உணவு என்று பெரியவர்கள் சொல்வார்கள். கொடுக்கலாமா?

பதில்: வேகவைத்துக் கொடுக்கலாம். பச்சையாகத் தந்தால் அதிலுள்ள சில பொருள்கள் புரதம் செரிப்பதைத் தடுக்கும். ஆனால் கொள்ளு புரதத்துக்கான துணைத் தீவனம் மட்டுமே. வேலையில்லாமல் நிற்கும் குதிரைக்கு அது தேவைப்படாது. குதிரையின் வயிறு நார்ச்சத்துக்காக அமைந்தது. புல்லுக்குப் பதிலாக எதுவும் ஆகாது.

கேள்வி (சுங்கை பூலோ வாசகி): ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஆறு வயதுப் பெண் குதிரை, எட்டு மாதமாக எங்களிடம் உள்ளது. முதலில் நன்றாக வியர்த்தது. இப்போது சிறிது ஓடினாலும் நாய்போல் இளைக்கிறது. உடம்போ உலர்ந்தே இருக்கிறது. பிடரிக்கு அடியில் மட்டும் ஈரம் தெரிகிறது. கறுப்பு பீர் ஊற்றினால் சரியாகும் என்கிறார்கள். குளிர்ந்த நீரை ஊற்றினால் தசை இறுகிவிடும் என்றும் சொல்கிறார்கள். எதை நம்புவது?

பதில்: வியர்வை நின்றுபோகும் இந்நோய் நம்மைப் போன்ற வெப்பமும் ஈரமும் மிகுந்த நாடுகளில் குதிரை வளர்ப்போர் அனைவரும் அறிந்திருக்க வேண்டியது. பிரிட்டிஷார் தங்கள் குதிரைகளை வெப்பநாடுகளுக்குக் கொண்டுவந்த காலத்திலேயே இதனைக் கண்டிருக்கிறார்கள். குதிரை தன் உடற்சூட்டின் பெரும்பகுதியை வியர்வை ஆவியாவதால்தான் இழக்கிறது. காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கும் கோலாலம்பூரில் வியர்வை ஆவியாகாமல் சொட்டுகிறது. சுரப்பிகள் ஓயாமல் தூண்டப்பட்டு, நாளடைவில் அத்தூண்டலுக்கு இணங்காமல் போகின்றன. பிடரிக்கு அடியிலும் பின்தொடைகளுக்கு நடுவிலும் மட்டும் ஈரம் எஞ்சுவது இந்நோயின் இயல்பு. தோலுக்குள் மருந்து செலுத்தி வியர்க்கிறதா என்று பார்க்கும் எளிய சோதனை ஒன்றை மருத்துவர் செய்வார்.

பீர் கொடுப்பது பழைய வழக்கம். அதனால் பயனுண்டு என்பதற்கு உறுதியான சான்று இல்லை. குளிர்ந்த நீரைப் பற்றிய அச்சத்தை முற்றாக விட்டுவிடுங்கள். 1996ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக் போட்டி கடும் வெயிலில் நடக்கவிருந்ததால், அதற்கு முன்பாகவே ஆய்வாளர்கள் இதனைச் சோதித்து, குளிர்ந்த நீரை உடல் முழுவதும் ஊற்றுவதே குதிரையை விரைவாகவும் தீங்கின்றியும் தணிக்கும் என்று காட்டினார்கள். கழுத்து, விலா, பின்தொடை என எல்லா இடத்திலும் நிறுத்தாமல் ஊற்றுங்கள். ஈரத்துணியைப் போர்த்தி வைக்காதீர்கள். அது சூட்டை அடைத்துவைக்கும். ஓடிவந்த குதிரை உடனே நீர் குடிப்பதாலும் கெடுதல் இல்லை.

ஒரு வெப்பமானியை வாங்கி, ஓய்வில் இருக்கும்போது அதன் ஆசனவாய்ச் சூட்டை ஒரு வாரம் குறித்துவையுங்கள். 37.2 முதல் 38.3 டிகிரி வரை இயல்பு. மூச்சு நிமிடத்துக்கு 8 முதல் 16 வரை, நாடித் துடிப்பு 28 முதல் 44 வரை. பயிற்சிக்குப் பின் 40 டிகிரியைத் தாண்டினால் அன்றைய வேலை முடிந்தது. அரைமணி நேரம் நீர் ஊற்றியும் சூடு இறங்காவிட்டால் மருத்துவரை அழையுங்கள். பந்தயக் குதிரைகளுக்கு விடியுமுன்னே பயிற்சியை முடித்துவிடுவது காரணமில்லாமல் அன்று. தாங்களும் காலை ஏழரைக்குள் சவாரியை முடித்துவிடுங்கள். பகலில் மின்விசிறியுள்ள லாயத்தில் வைத்து, இரவில் வெளியே விடுங்கள். உப்புக்கட்டி எப்போதும் எட்டும் இடத்தில் இருக்கட்டும். நிலையான மருந்து இந்நோய்க்கு இல்லை என்பதை மறைக்க விரும்பவில்லை. சில குதிரைகள் ஓய்வுக்குப் பின் மீண்டும் வியர்க்கின்றன. சிலவற்றைக் குளிர்ந்த இடத்துக்கு அனுப்பிவிடுவதே அவற்றுக்குச் செய்யும் நன்மை.

கேள்வி (பாலேக் பூலாவ் வாசகர்): வெக்கைக்காகக் குதிரையை இரவில் வெளியே விடும்படி இப்பகுதியில் முன்பும் எழுதியிருந்தீர்கள். விட்டதிலிருந்து அது பிடரியையும் வாலடியையும் மரத்தில் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்கிறது.

பதில்: அக்குறிப்பில் நான் சேர்த்திருக்க வேண்டிய ஒன்று விடுபட்டுவிட்டது, பொறுத்தருளுங்கள். மலாய்க்காரர்கள் அகாஸ் என்று சொல்லும் மிகச் சிறிய கடி ஈக்கள் அந்தியிலும் விடியலிலும் மிகுதியாகப் பறக்கின்றன. அவற்றின் உமிழ்நீர் ஒவ்வாத குதிரைக்கே இந்த அரிப்பு வருகிறது. பக்கத்துக் குதிரைக்கு ஒட்டாது. வயலும் சேறும் சூழ்ந்த தங்கள் பகுதியில் இவை பெருகுவதற்கு இடம் நிறையவே உண்டு. ஆகவே மாலை ஆறிலிருந்து எட்டரை வரையிலும், விடியலுக்கு ஒரு மணிநேரம் முன்பிருந்தும் குதிரையை லாயத்துக்குள் வைத்து, மின்விசிறியை நேராக அதன்மேல் ஓடவிடுங்கள். இந்த ஈக்களுக்குக் காற்றை எதிர்த்துப் பறக்கும் வலு இல்லை. கொசுவலையின் கண்களுக்குள் இவை நுழைந்துவிடும் என்பதால், அதனினும் நுண்ணிய வலை வேண்டும். தேங்கிய சேற்றையும் இலத்திக் குவியலையும் லாயத்தருகே விட்டுவைக்காதீர்கள். பெர்மெத்ரின் கலந்த தெளிப்பான் உதவும். ஆனால் அது பூனைக்கு நஞ்சு, லாயத்துப் பூனையை அருகில் விடாதீர்கள்.

இந்த ஈக்களைப் பொருட்படுத்த வேண்டியதற்கு வேறு காரணமும் உண்டு. 2020ஆம் ஆண்டு தாய்லாந்தில் நூற்றுக்கணக்கான குதிரைகளைக் கொன்று, அதே ஆண்டில் மலேசியாவிலும் கண்டறியப்பட்ட ஆப்பிரிக்கக் குதிரை நோயைப் பரப்புபவையும் இவையே. திடீர்க் காய்ச்சலும், கண்ணுக்கு மேலுள்ள குழியில் வீக்கமும், மூக்கில் நுரையும் கண்டால் ஒரு மணிநேரம்கூடக் காத்திராமல் கால்நடை மருத்துவச் சேவை இலாகாவுக்குத் தெரிவியுங்கள்.

கேள்வி (ரவாங் வாசகர்): மழைக்காலத்தில் குளம்பின் அடியில் கறுப்பாகக் கசிந்து, தாங்க முடியாத நாற்றம் அடிக்கிறது. பழைய என்ஜின் எண்ணெய் பூசலாமா?

பதில்: பூசாதீர்கள். குளம்பின் அடியில் முக்கோணமாக மெத்தென்றிருக்கும் பகுதியைக் காற்றுப் புகாத இடத்தில் வளரும் கிருமிகள் அழுகவைக்கின்றன. எண்ணெய் பூசினால் காற்று இன்னும் அடைபடும். நாள்தோறும் பள்ளங்களைச் சுரண்டிச் சுத்தம் செய்து, நன்கு உலர்த்தி, போவிடோன் அயோடின் தடவுங்கள். ஈரமான மரத்தூளை அன்றன்றே அள்ளிவிட்டு, குதிரை உலர்ந்த தரையில் நிற்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். லாடம் அடிப்பவரை ஆறு வாரத்துக்கு ஒருமுறை வரவழையுங்கள். தொட்டால் காலை இழுத்துக்கொள்ளுமளவு வலி இருந்தால் மருத்துவர் பார்க்க வேண்டும்.

கேள்வி (செந்தூல் வாசகர்): எங்கள் வெள்ளைக் குதிரையை மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் கேட்கிறார்கள். உறுமி மேளமும் வெடியும் இருக்குமாம். அனுப்பலாமா?

பதில்: குதிரைக்கு முன்பே பழக்கம் இல்லையென்றால், மன்னிக்கவும், அனுப்பாதீர்கள். பழக்குவதென்றால் உறுமி மேளத்தின் ஒலியை முதலில் தொலைவிலிருந்து, தீவனம் தின்னும் நேரத்தில், பல வாரங்கள் கேட்கச் செய்யுங்கள். அது காதைப் பின்னுக்கு மடக்காமல் தொடர்ந்து தின்னும் வரை ஒலியை நெருக்கத்தில் கொண்டுவர வேண்டாம். வெடிக்கு இடமே இல்லை என்பதை முன்பணம் வாங்குமுன் எழுத்தில் பெறுங்கள். ஊர்வலம் வெயில் தாழ்ந்த பின் நடக்கட்டும்; மதியத்துத் தார்ச்சாலையின் சூடு குளம்புக்கும் மூச்சுக்கும் ஆகாது. மாப்பிள்ளையும் சேணமும் சேர்ந்த எடை குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. குதிரைக்கு நேர் பின்னால் இருப்பது தெரியாது. அங்கே பிள்ளைகள் ஓடாதபடி ஒருவரை நிறுத்துங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, மாலையைக் கவனியுங்கள். கோயிலிலும் கல்யாணத்திலும் மாலைக்குப் பயன்படும் அரளியின் பூவும் இலையும் தண்டும் குதிரைக்கு நஞ்சு. ஒரு கைப்பிடி இலை இதயத்தை நிறுத்திவிடும், உலர்ந்தாலும் அந்த நஞ்சு போவதில்லை. கழுத்தில் போட்ட மாலையைக் குதிரை திரும்பிக் கடிப்பதற்கு ஒரு நொடி போதும். அலங்காரத்துக்குத் துணிப்பூவே இருக்கட்டும். மண்டப வாசலில் கழற்றிப் போட்ட மாலைகளைக் குதிரை நிற்கும் இடத்திலிருந்து முதலில் அப்புறப்படுத்தச் சொல்லுங்கள்.