கண்ணாடி விரியனும் நீல மூடிக் குழாயும்: ஏபிஎஸ் பரிசோதனை பற்றி நீங்கள் கேட்டவை

ஆன்டிபாஸ்போலிப்பிட் சிண்ட்ரோம், சுருக்கமாக ஏபிஎஸ். உடம்பின் எதிர்ப்பு சக்தியே தடம் மாறி, இரத்தத்தைத் தேவையில்லாமல் உறைய வைக்கும் கோளாறு. காலில் இரத்தக்கட்டி, சின்ன வயதில் பக்கவாதம், அடுத்தடுத்துக் கரு கலைவது எல்லாம் இதனால் வரலாம். நான் ரங்கூனில் லேப்பில் வேலை பார்ப்பவள், டாக்டர் இல்லை. மருந்தைக் கூட்டு, குறை என்று நான் சொன்னால் கேட்காதீர்கள்.

மூன்று தடவை கரு தங்கவில்லை. டாக்டர் மூன்று டெஸ்ட் எழுதியிருக்கிறார். ஒன்று போதாதா அக்கா? (மோல்மீன்)

போதாதும்மா. கார்டியோலிப்பின் ஆன்டிபாடி, பீட்டா-2 கிளைகோபுரோட்டீன் ஆன்டிபாடி, லூபஸ் ஆன்டிகோயாகுலண்ட் என்று மூன்று. ஆன்டிபாடி என்பது எதிர்ப்பு சக்தி தயாரிக்கும் புரதம். முதல் இரண்டும் அதன் அளவை எண்ணாகச் சொல்லும். மூன்றாவது, இரத்தம் உறைய எத்தனை விநாடி ஆகிறது என்று பார்ப்பது. ஒன்றில் சிக்காதது இன்னொன்றில் சிக்கும். மூன்றும் பாசிட்டிவ் என்றால் ஆபத்து மிக அதிகம்.

'லூபஸ் ஆன்டிகோயாகுலண்ட்' பாசிட்டிவ். எனக்கு லூபஸா? பெயரைப் பார்த்தால் இரத்தம் உறையாது என்றுதானே வருகிறது? (ரங்கூன்)

பெயர் வைத்தவர்கள் இரண்டு விதமாகவும் நம்மைக் குழப்பிவிட்டார்கள். லூபஸ் என்பது எதிர்ப்பு சக்தி சொந்த உடம்பையே தாக்கும் வேறொரு நோய். முதலில் அந்த நோயாளிகளிடம் கண்டதால் அந்தப் பெயர். லூபஸே இல்லாதவர்களுக்கும் நிறைய வருகிறது. குழாயில் இது உறைவதைத் தாமதப்படுத்தும். உடம்பிலோ நேர் எதிர், உறைய வைக்கும்.

டெஸ்ட் செய்வது எதனால் தெரியுமா? கண்ணாடி விரியன் விஷத்தால்! பெகு பக்கம் வயலில் இறங்குகிறவர்கள் இதன் பெயரைக் கேட்டாலே காலைத் தூக்குவார்கள். அதே விஷத்தை நன்றாக நீர்க்க வைத்து பிளாஸ்மாவில், அதாவது இரத்தத்தின் நீர்ப்பகுதியில் விட்டால், உறைதலைத் தொடங்கி வைக்கும். அந்த வேலைக்குப் பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்பு வேண்டும். ஆன்டிபாடி அதன்மேல் போய் உட்கார்ந்துகொள்வதால் விநாடிகள் கூடும். பிறகு நல்ல பிளாஸ்மாவைச் சரிபாதி கலந்து பார்ப்போம். உறைய வைக்கும் புரதங்களின் குறைபாடுதான் காரணம் என்றால் நேரம் சரியாகிவிடும், ஆன்டிபாடி என்றால் ஆகாது. கடைசியில் பாஸ்போலிப்பிட்டை அள்ளிப் போடுவோம். அப்போது நேரம் குறைந்தால், ஆள் இவர்தான்.

இங்கேயே இரத்தம் எடுத்து ரங்கூனுக்கு பஸ்ஸில் அனுப்பலாமா? (மோல்மீன்)

முதல் இரண்டுக்கும் சீரத்தை, அதாவது இரத்தம் உறைந்த பிறகு மிஞ்சும் நீரைப் பிரித்துக் குளிரில் அனுப்பலாம். மூன்றாவதற்கு வேண்டாம், நேரில் வாருங்கள். நீல மூடிக் குழாயில் 9 பங்கு இரத்தத்துக்கு இரத்தம் உறையாமல் தடுக்கும் சிட்ரேட் 1 பங்கு என்று கணக்கு. 4 மணி நேரத்துக்குள் இரண்டு தடவை இயந்திரத்தில் சுழற்றி, தட்டணுக்களை நீக்கிய பிறகுதான் ஃப்ரீசரில் வைக்கலாம். தட்டணு மிச்சமிருந்தால் அது உடைந்து பாஸ்போலிப்பிட் கசியும், ஆன்டிபாடி ஒளிந்துகொள்ளும், நெகட்டிவ் என்று பொய் சொல்லும். ஒருமுறை இரவு பஸ்ஸில் ஐஸ் பெட்டி வந்தது. திறந்தால் குழாயில் கோட்டுக்குப் பாதிதான் இரத்தம். அந்தப் பெண்ணை மறுபடி வரச் சொல்ல எனக்கே சங்கடமாக இருந்தது.

அப்பா இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார். நிறுத்திவிட்டு வரட்டுமா? (தட்டோன்)

ஐயோ, நீங்களாக நிறுத்தாதீர்கள் தம்பி. ஆன்டிபாடி எண்கள் இரண்டையும் அது தொடாது. விரியன் டெஸ்டைத்தான் குழப்பும். அதே வேலைக்குக் கொடுக்கும் ரிவராக்சபான் மாத்திரை இன்னும் மோசம், இல்லாததை இருப்பதாகக் காட்டும். கடைசி மாத்திரை போட்ட நாளையும் மணியையும் சீட்டில் எழுதுங்கள். மூன்றும் பாசிட்டிவ் ஆனவர்களிடம் ரிவராக்சபானையும் வார்ஃபரினையும் ஒப்பிட்ட ஆய்வு, 2018-இல் வெளியானது. ரிவராக்சபான் போட்டவர்களுக்கு அதிகம் இரத்தக்கட்டி வந்ததால் பாதியிலேயே நிறுத்தினார்கள். டாக்டர் வார்ஃபரினை விட மாட்டேன் என்பது அதனால்தான்.

கர்ப்பமாக இருந்தபோது எடுத்த விடிஆர்எல் பாசிட்டிவ். வீட்டில் பெரிய சண்டை. (பெயர் வேண்டாம்)

மேகநோய்க்கான அந்த டெஸ்டிலும் கார்டியோலிப்பின்தான் பயன்படுகிறது. முதலில் அதை மாட்டு இதயத்திலிருந்துதான் பிரித்தெடுத்தார்கள். ஏபிஎஸ் ஆன்டிபாடி அதோடு ஒட்டிக்கொண்டு பொய்யாகப் பாசிட்டிவ் காட்டலாம். டிபிஎச்ஏ என்ற டெஸ்ட் எடுத்தால் உண்மை தெரிந்துவிடும். அதுவரை சண்டையை நிறுத்தி வையுங்கள், கணவரையும் கூட்டிக்கொண்டே வாருங்கள்.

ஒரு தடவை பாசிட்டிவ். முடிவுதானே? (ரங்கூன்)

இல்லை. குறைந்தது 12 வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். காய்ச்சல், தொற்று வந்தாலும் இந்த ஆன்டிபாடி சில வாரம் தலைகாட்டிவிட்டுப் போய்விடும். முதல் இரண்டு டெஸ்டின் எண்ணும் 40 யூனிட்டுக்கு மேல் இருந்தால்தான் பெரிதாக எடுத்துக்கொள்வார்கள். முடிந்தவரை அதே லேப்புக்குப் போங்கள், பழைய ரிப்போர்ட்டும் கையில் இருக்கட்டும்.