மீன் கடை பில் புரோகிராம்: தப்பா டைப் பண்ணா என்ன செய்யறது?

காசிமேட்டு மீன் கடைக்குப் பைத்தான்ங்கிற கம்ப்யூட்டர் மொழியில ஒரு சின்ன பில் புரோகிராம். பேர், போன், பின்கோடு, எத்தனை கிலோ, இவ்வளவுதான் கேட்கும். இதை எழுதிப் பழகுறவங்க கேட்டதும், சொல்லிக் கொடுக்கிற அக்கா சொன்னதும். கேள்விக்கு முன்னாடி இருக்கிறது கேட்டவங்க ஏரியா.

ராயபுரம்: அக்கா, எத்தனை கிலோன்னு கேட்டா "2 கிலோ"ன்னு அடிக்கிறாங்க. புரோகிராமே நின்னுடுது.

இன்புட், அதாவது அவங்க அடிக்கிறது, எப்பவும் ஸ்ட்ரிங்காத்தான் (எழுத்துக் கோர்வையாத்தான்) வரும் தம்பி. அதை ஃப்ளோட் (புள்ளி வர்ற எண்) ஆக்குறப்போ "கிலோ"ங்கிற எழுத்து இடிக்குது, வேல்யூ எரர்ங்கிற பிழை வருது. சரியா அடிக்கிற வரை திரும்பத் திரும்பக் கேட்க வைல் லூப் போட்டு, ஃப்ளோட் ஆக்குற அந்த ஒரு வரியை மட்டும் ட்ரைக்குள்ள வை. பிழையைப் பிடிக்கிற எக்ஸெப்ட்ல வேல்யூ எரர்னு பேர் சொல்லியே பிடி. இன்புட்டும் ட்ரைக்குள்ள இருந்து வெறும் எக்ஸெப்ட் போட்டா, புரோகிராமை நிறுத்த கன்ட்ரோல் சி அமுக்கினாலும் லூப்பை விட்டு வெளிய வர முடியாது. "தப்பு"ன்னு மட்டும் காட்டாதே, "எண் மட்டும் போடுங்க, உதாரணம் 2.5"ன்னு காட்டு.

தண்டையார்பேட்டை: கிலோ 0 அல்லது அதுக்குக் கீழ, இல்லைன்னா 50க்கு மேல இருந்தா திருப்பி அனுப்புறேன். போதுமா?

போதாதுப்பா. இங்கிலீஷ்ல nanனு மூணு எழுத்து அடிச்சுப் பாரு. ஃப்ளோட் அதை ஏத்துக்கும், "எண் அல்ல"ங்கிற மதிப்பா. அது 0-ஐவிடச் சின்னதான்னு கேட்டாலும் இல்லைன்னு வரும், 50-ஐவிடப் பெருசான்னு கேட்டாலும் இல்லைன்னு வரும். ரெண்டு சோதனையையும் தாண்டிப் போய் பில் மொத்தத்தையே கெடுத்துடும். அதனால திருப்பி எழுது: 0 < கிலோ <= 50ன்னா ஏத்துக்கோ, மத்ததெல்லாம் வெளியே.

வியாசர்பாடி: பேருக்கு, எல்லாம் எழுத்துதானான்னு பார்க்கிற இஸ்ஆல்ஃபா வெச்சேன்க்கா. "முருகன்"னு தமிழ்ல அடிச்சா தப்புங்குது.

கம்ப்யூட்டர் எழுத்துக்களைக் குறிக்கிற யூனிகோடுல "மு"ங்கிறது ம ஒண்ணு, உகரக் குறி ஒண்ணு. "ன்"ங்கிறது ன ஒண்ணு, புள்ளி ஒண்ணு. இந்தக் குறியும் புள்ளியும் இஸ்ஆல்ஃபா கணக்குல எழுத்து இல்ல. நம்ம கண்ணுக்கு முருகன் நாலு எழுத்து, நீளம் எண்ணுற லென் போட்டா 7 வரும். இன்னொண்ணு, இனிஷியல்ல புள்ளி வரும், நடுவுல ஸ்பேஸ் வரும், பெரம்பூர்ப் பக்கம் டி'சூசான்னு ஒருத்தர் வருவார். சொந்தப் பேரையே தப்புன்னு சொல்ற புரோகிராம் யாருக்கும் வேணாம்மா. ஸ்ட்ரிப் பண்ணி ரெண்டு ஓரத்து ஸ்பேஸையும் எடு, காலியா இல்லையான்னு பாரு, லென் 60க்குள்ள இருக்கான்னு பாரு, விட்டுடு. எஸ்கியூலைட்ங்கிற டேட்டாபேஸ்ல சேமிக்கிறப்போ மட்டும் பேரை எஸ்கியூஎல் கட்டளையோட ஒட்டாதே. கட்டளையில பேர் வர்ற இடத்துல கேள்விக்குறி வெச்சு மதிப்பைத் தனியாக் கொடு. ஒட்டினா டி'சூசாவோட அந்த ஒத்தை மேற்கோள் குறியிலயே கட்டளை உடைஞ்சுடும்.

கொருக்குப்பேட்டை: போன், பின்கோடை இன்ட் (முழு எண்) ஆக்கலாமா?

வேணாம். கூட்டிக் கழிக்கவா போறோம்? 044 இன்ட் ஆனா 44 ஆயிடும். மொபைல்னா ஸ்பேஸ், கோடு, முன்னாடி +91 இதையெல்லாம் எடுத்துட்டு, 10 இலக்கமா, முதல் இலக்கம் 6லேர்ந்து 9க்குள்ளயான்னு பாரு. பின்கோடு 6 இலக்கம், 0-ல ஆரம்பிக்காது. இந்த மாதிரி அமைப்பைச் சோதிக்கிற ரெஜெக்ஸ்ல மேட்ச் போடாதே, அது ஆரம்பத்தை மட்டும்தான் பார்க்கும், "600013அஆ"வையும் சரின்னுடும். முழுசையும் பார்க்கிற ஃபுல்மேட்ச் போடு.

ராயபுரம்: எதையெல்லாம் அடிச்சு டெஸ்ட் பண்றது?

கிலோவுக்கு வெறும் என்டர், நாலு ஸ்பேஸ், -1, 0, 50, 50.01, அப்புறம் புள்ளிக்குப் பதிலா கமா போட்டு 2,5. இதுல 50 மட்டும்தான் உள்ள போகணும். கடைசியா தமிழ் எண் ௨ அடி. ஃப்ளோட் அதை 2ன்னே எடுத்துக்கும், அது சரிதான்.