கிராம சபையில் டெங்கு பற்றி 5 நிமிடம்: எதை வெட்டுவது?

டெங்கு பற்றி நீங்கள் எழுதிய பேச்சில், எல்லாரையும் விளிக்கும் முதல் பக்கத்தை அப்படியே தூக்கிவிடுங்கள். அக்டோபர் 2 கிராம சபையில் கிடைத்தது 5 நிமிடம், எழுதியதை வாசித்தால் 11 ஆகிறது என்கிறீர்கள். தலைவர் தொடங்கி ஒவ்வொருவராக விளித்து முடிப்பதற்குள்ளேயே கூட்டம் பேச ஆரம்பித்துவிடும். "எல்லாருக்கும் வணக்கம்" போதும்.

கட்டுரை எழுதிவிட்டு அதைப் பேச்சு என்று நினைத்ததுதான் இவ்வளவு நீளத்துக்குக் காரணமாக இருக்கும். வைரஸ் வகைகள், வரலாறு எதுவும் வேண்டாம். ஒரே செய்தி: டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையைத் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, தண்ணீர் டிரம்மின் உள்சுவரில் ஒட்டிவைக்கிறது. காய்ந்துபோனாலும் அது மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போகாது. வாரம் ஒரு முறை தேய்த்துக் கழுவ வேண்டும். முடிந்தால் ஒரு பழைய குடத்தையும் தேங்காய் நாரையும் கொண்டுபோய்த் தேய்த்தே காட்டுங்கள்.

வீட்டில் யாரிடமாவது பேசிக் காட்டி, "நாளைக்கு என்ன செய்வீங்க?" என்று கேளுங்கள். "டிரம்மைத் தேய்ப்பேன்" என்றால் சரி. "டெங்கு ஆபத்தானது" என்றால் இன்னும் வெட்டணும்.

ஒன்று, யாராவது மருந்து கேட்டால் நீங்களாகப் பெயர் சொல்லிவிடாதீர்கள். காய்ச்சல் என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகச் சொல்லுங்கள், அதோடு நிறுத்துங்கள்.