அவர் முன்னால் போய்விடுகிறார், நான் பின்னால் தனியாக வருகிறேன்

கேள்வி: எனக்கு 49 வயது, கணவருக்கு 52. இருபது வருடமாக இங்கிலாந்தில், ரெடிங்கில் இருக்கிறோம். மகள் யூனிவர்சிட்டிக்குப் போன பிறகு சனி, ஞாயிறுகளில் சேர்ந்து நடக்க ஆரம்பித்தோம். இப்போது தென்மேற்குக் கரையோரப் பாதையில் ஒரு பகுதியை நடந்தே தீர வேண்டும் என்கிறார். டெவனில் ஹார்ட்லண்ட் கீயில் தொடங்கி கார்ன்வாலில் பாட்ஸ்டோ வரை. செப்டம்பர் கடைசியில் திங்கள் முதல் வெள்ளி வரை லீவு. ஒரு நாள் பயணம், நாலு நாள் நடை என்று அட்டவணையே போட்டுவிட்டார். இரவுத் தங்கல் முறையே பியூட், பாஸ்காசில், போர்ட் ஐசக், பாட்ஸ்டோ. எனக்கு நடக்கப் பிடிக்கும். ஆனால் இறக்கத்தில் வலது முழங்கால் வலிக்கும். அவர் வேகமாக முன்னால் போய் எங்காவது உட்கார்ந்திருப்பார். நான் மூச்சு வாங்க வந்து சேர்ந்ததும் "வந்துட்டியா, போலாமா" என்று எழுந்துவிடுவார். போன மாதம் இதனால் பெரிய சண்டை. நானும் போகலாமா, இல்லை அவரை மட்டும் அனுப்பிவிட்டு வீட்டில் இருந்துவிடவா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ரெடிங்

பதில்: போய் வாருங்கள் சகோதரி. ஆனால் அந்த அட்டவணையோடு போகாதீர்கள்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரியை நான் மூன்று முறை படித்தேன். "வந்துட்டியா, போலாமா." அவர் பத்து நிமிடம் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, கடலைப் பார்த்து ஓய்வெடுத்திருக்கிறார். நீங்கள் வந்த நொடியில் அவருடைய ஓய்வு முடிகிறது. உங்களுடையது தொடங்கவே இல்லை. நாள் முழுக்க இப்படியே போனால் வேகமாக நடப்பவருக்கு ஆறேழு முறை ஓய்வு, மெதுவாக நடப்பவருக்கு ஒன்றுகூடக் கிடையாது. உங்கள் சண்டைக்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். முழங்கால் அப்புறம்தான்.

இதை நான் வெளியிலிருந்து சொல்லவில்லை. அதே ஹார்ட்லண்ட் கீ - பியூட் பாதையில் நானும் என் மனைவியும் சில வருடங்களுக்கு முன் நடந்தோம். நான்தான் முன்னால் போனவன். மூன்றாவது பள்ளத்தாக்கின் மேட்டில் ஏறித் திரும்பிப் பார்த்தேன், அவளைக் காணோம். அரை மணி நேரம் காத்திருந்துவிட்டுக் கீழே இறங்கினேன். ஓடைக்குப் பக்கத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தாள். கால் பிசகவில்லை, விழவில்லை. தாகம். இரண்டு பாட்டில் தண்ணீரும் என் பையில் இருந்தன. போனில் கூப்பிட்டிருக்கிறாள், அந்தப் பள்ளத்தில் சிக்னல் இல்லை. அவள் என்னைத் திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. பாட்டிலை வாங்கிக் குடித்துவிட்டு ஒன்றும் பேசாமல் எழுந்து நடந்தாள். அன்று மாலை வரை பேசவில்லை. அந்தக் கல்லில் அவள் உட்கார்ந்திருந்த கோலம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. அதனால்தான் உங்களுக்குக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் இடத்தைப் பற்றி. சாமர்செட்டின் மைன்ஹெட்டில் தொடங்கி டார்செட்டின் பூல் துறைமுகம் வரை 630 மைல் ஓடும் பாதை இது. கள்ளக்கடத்தல்காரர்களைப் பிடிக்கக் கரையோரக் காவலர்கள் ரோந்து போன தடத்திலிருந்து வளர்ந்தது. ஒவ்வொரு குடாவுக்குள்ளும் அவர்கள் எட்டிப் பார்க்க வேண்டியிருந்ததால் பாதை பாறை விளிம்பை ஒட்டியே போகும். ஓடை கடலில் விழும் இடமெல்லாம் கடல் மட்டம் வரை இறக்கிவிட்டு, எதிர்ப்பக்கம் மறுபடி ஏற்றிவிடும். முழுப் பாதையின் ஏற்றங்களையும் கூட்டினால் சுமார் 35,000 மீட்டர் வருகிறது. எவரெஸ்ட்டைப் போல ஏறக்குறைய நாலு மடங்கு.

உங்கள் கணவர் தேர்ந்தெடுத்திருக்கும் முதல் நாள், இந்த 630 மைலிலேயே மிகக் கடினமான நாள்களில் ஒன்று. தூரம் 25 கிலோமீட்டர்தான். ஆனால் வழியில் பத்துப் பள்ளத்தாக்குகள். நடக்கும் நேரத்தைக் கணக்கிட 1892-இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சொன்ன விதி ஒன்று உண்டு: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், மேலும் 600 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மணி நேரம். அதன்படி போட்டால், நல்ல உடல்வாகு உள்ளவர் எங்கும் நிற்காமல் நடந்தாலே ஏழு மணி நேரம் ஆகும். இறக்கத்தில் முழங்காலுக்கு ஆகும் நேரம் அந்த விதியில் கிடையாது. உங்கள் இருவருக்கும் சாப்பாடு, ஓய்வு எல்லாம் சேர்த்துப் பத்து மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். செப்டம்பர் கடைசியில் அங்கே ஏழு மணி வாக்கில் சூரியன் மறைந்துவிடும். கடைசி இரண்டு மணி நேரம் இருட்டுக்குப் பயந்து ஓடிக்கொண்டிருப்பீர்கள். களைத்த கால் தடுக்குவது அப்போதுதான். மறுநாள் பியூடிலிருந்து பாஸ்காசில் 27 கிலோமீட்டர், அதற்கடுத்த நாள் 23. இந்தத் திட்டத்தில் உங்கள் முழங்காலுக்கு ஒரு நாள்கூட ஒதுக்கப்படவில்லை.

லீவைக் கூட்டாமலே இதைச் சரிசெய்ய முடியும். முன்னும் பின்னும் இருக்கும் சனி, ஞாயிறை எடுத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை ரெடிங்கிலேயே ரயில் ஏறி எக்ஸிட்டர் போய், அங்கிருந்து பஸ்ஸில் பியூட். அங்கே இரண்டு இரவு ஒரே அறை.

ஞாயிறு உங்கள் கணவரின் நாள். அவர் மட்டும் காலையில் டாக்ஸியில் ஹார்ட்லண்ட் கீ போய் பியூட் நோக்கி நடக்கட்டும். முந்தின நாளே டாக்ஸி சொல்லிவைப்பது நல்லது. அவருக்கு வேகம் பிடிக்கும், பத்துப் பள்ளத்தாக்கும் வேண்டும். அந்த ஆசை தப்பில்லை, அதை ஒரே நாளில் முழுசாகத் தீர்த்துக்கொள்ளட்டும். வழியில் மார்வென்ஸ்டோவில் ஒரு பாதிரியார் உடைந்த கப்பல்களின் மரங்களைக் கொண்டு கட்டிய சின்னக் குடிசை பாறைமேல் இன்னும் நிற்கிறது. அந்தப் பாதிரியார் பெயர் ஹாக்கர். அந்தக் கரையில் கப்பல் உடைந்து ஒதுங்கிய மாலுமிகளின் உடல்களைத் தேடி எடுத்துத் தன் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் முறைப்படி அடக்கம் செய்தவர். 1842-இல் அங்கே மூழ்கிய கலிடோனியா கப்பலின் முகப்புச் சிலை அந்தக் கல்லறைத் தோட்டத்துக்கு வந்தது. கணவர் அந்தக் குடிசையில் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வரட்டும்.

நீங்கள் அன்று காலை நன்றாகத் தூங்குங்கள். பியூடில் பாறைக்கு நடுவே 1930-களில் கட்டிய கடல்நீர்க் குளம் இருக்கிறது. நீந்தாவிட்டாலும் காலை நனைக்கலாம். மத்தியானத்துக்கு மேல் வடக்கே சாண்டிமவுத் வரை நடந்து போங்கள். நாலு கிலோமீட்டர் இருக்கும், அந்தப் பக்கம் பாறை தாழ்வாகத்தான் இருக்கும். அவர் அங்கே வந்து சேரும்போது காத்திருப்பவர் நீங்களாக இருப்பீர்கள். அவர் களைத்திருப்பார், உங்கள் கால் தெம்பாக இருக்கும். கடைசி ஒரு மணி நேரத்தை உங்கள் நடையில் சேர்ந்து நடந்து ஊருக்கு வாருங்கள். பின்னால் வருபவருக்கு எப்படி இருக்கும் என்பது, பேச்சில் புரியாவிட்டாலும், அன்று அவருக்குப் புரியும்.

திங்கள், கிராக்கிங்டன் ஹேவன் வரை 16 கிலோமீட்டர். வைட்மவுத் விரிகுடா வரை சுலபம், அதன்பின் மில்லூக்கில் இருந்து செங்குத்து. முழங்கால் முரண்டு பிடித்தால் வைட்மவுத் வரை வண்டியில் போய் அங்கிருந்து தொடங்கலாம். மில்லூக்கில் பாறை அடுக்குகள் பாயை மடித்து வைத்ததுபோல மடிந்து மடிந்து நிற்கும், அதை நின்று பாருங்கள். செவ்வாய், பாஸ்காசில் வரை 11 கிலோமீட்டர். கார்ன்வாலின் உயரமான பாறைமுகமான ஹை கிளிஃப், 223 மீட்டர், இந்த வழியில்தான். புதன், டின்டாஜல் வரை எட்டுக் கிலோமீட்டர்தான், மத்தியானம் கோட்டையைப் பாருங்கள். உடைந்துபோன இரண்டு பாதிக்கும் நடுவே 2019-இல் ஒரு நடைப்பாலம் கட்டியிருக்கிறார்கள். ஆர்தர் அரசன் கதை பிடிக்காவிட்டாலும் அந்தப் பாலத்தில் நின்று கீழே பார்ப்பதற்காகவே போகலாம்.

வியாழக்கிழமையைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். டின்டாஜலிலிருந்து போர்ட் ஐசக், 15 கிலோமீட்டர். ட்ரெபார்வித் ஸ்ட்ராண்ட் தாண்டினால் போர்ட் ஐசக் பக்கத்தில் வரும்வரை கடையோ பப்போ கிடையாது. ஏற்ற இறக்கம் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக வரும். நடுவில் விட்டுவிட்டு வருவது சிரமம். அதனால் ட்ரெபார்வித்தில் ஒரு டீ குடித்துக்கொண்டே, முழங்கால் எப்படி இருக்கிறது என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். வேண்டாம் என்று தோன்றினால் அங்கேயே டாக்ஸி கூப்பிட்டு போர்ட் ஐசக் போய்விடுங்கள். ஒருவர் "இன்றைக்குப் போதும்" என்றால் மற்றவர் ஏன் என்று கேட்கக் கூடாது, முகத்தைத் தூக்கிக்கொள்ளவும் கூடாது. இந்த ஒப்பந்தத்தை வீட்டிலேயே செய்துகொள்ளுங்கள்.

வெள்ளி, கடைசி நாள், 19 கிலோமீட்டர். முதல் பாதி படிக்கட்டும் மேடும், பொல்செத் வந்தபின் மணலும் புல்லும்தான். வழியில் மணலில் புதைந்து கிடந்து 1864-இல் தோண்டி மீட்கப்பட்ட செயின்ட் எனடாக் தேவாலயம் இருக்கிறது. ராக் என்ற ஊரிலிருந்து படகு ஏறிக் கழிமுகத்தைத் தாண்டினால் பாட்ஸ்டோ. கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று முந்தின இரவே பார்த்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை பஸ்ஸில் பாட்மின் பார்க்வே போய் ரயில் பிடித்தால் மாலைக்குள் வீடு.

இப்போது முழங்கால். முதலில் டாக்டரிடமோ பிசியோதெரபிஸ்ட்டிடமோ காட்டுங்கள், அதைத் தள்ளிப்போடாதீர்கள். அவர்கள் நடக்கலாம் என்றால் இறக்கத்துக்குத்தான் பயிற்சி வேண்டும். ரெடிங்கில் மலை இல்லை, மாடிப்படி இருக்கிறதே. மெதுவாக இறங்கிப் பழகுங்கள். இரண்டு கைக்கும் நடைக்கோல் வாங்குங்கள். இறங்கும்போது அதன் நீளத்தைக் கொஞ்சம் கூட்டி, கோலை முதலில் ஊன்றி, சின்னச் சின்ன அடியாக வைத்தால் முழங்காலின் பாரம் நன்றாகவே குறையும். பெரிய பையைத் தூக்க வேண்டாம். தங்குமிடத்திலிருந்து அடுத்த தங்குமிடத்துக்குப் பெட்டியைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஆள்கள் அந்தக் கரை முழுக்க இருக்கிறார்கள். அதற்குக் காசு செலவழிக்கக் கணவர் யோசித்தால், இது உங்கள் காலுக்கான செலவு என்று சொல்லுங்கள்.

கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பு ஒரு நாள் சசெக்ஸில் செவன் சிஸ்டர்ஸ் போய் வாருங்கள். வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை, மேடும் பள்ளமுமாக வரிசையாக வரும். ஒரே நாளில் திரும்பிவிடலாம். மறுநாள் காலை படியிறங்கும்போது முழங்கால் என்ன சொல்கிறது என்று பாருங்கள். உங்கள் ஆறு நாளை அதை வைத்து முடிவு செய்யலாம்.

நடக்கும்போது நீங்கள் முன்னால், அவர் பின்னால். அவருக்கு முதல் நாள் கஷ்டமாக இருக்கும், இரண்டாம் நாள் பழகிவிடும். எனக்குப் பழகியது. அவர் எப்போதாவது முன்னால் போனால் அடுத்த ஓடையைத் தாண்டக் கூடாது, நீங்கள் வந்து உட்கார்ந்த பிறகுதான் ஐந்து நிமிடக் கணக்குத் தொடங்க வேண்டும். தண்ணீர், சாப்பாடு, மழைக்கோட்டு, சார்ஜ் உள்ள போன், வரைபடம் ஆளுக்கொன்று, அவரவர் பையில். ஏதாவது ஆகிவிட்டால் 999-ஐ அழைத்து கோஸ்ட்கார்டு (கரையோர மீட்புப் படை) என்று கேட்க வேண்டும். பலத்த காற்று அடிக்கும் நாளில் விளிம்புப் பக்கமே போகாதீர்கள், அங்கே பாறை அடியில் அரித்திருக்கும். பாதை மாற்றி விட்டிருப்பதாகப் பலகை இருந்தால் அதன்படியே போங்கள்.

சாப்பாடு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் என் மனைவி இதை எழுதச் சொன்னாள். மத்தியானத்துக்கு ஏதாவது கட்டித்தர முடியுமா என்று தங்குமிடத்தில் முந்தின இரவே கேட்டுவிடுங்கள். சைவம் என்றால் சீஸும் வெங்காயமும் உள்ளே வைத்து மாவில் மடித்துச் சுட்ட பாஸ்டி பல கடைகளில் கிடைக்கும். வறுத்த கடலையும் கடலை மிட்டாயும் வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள்.

இதையெல்லாம் கணவரிடம் எப்படிச் சொல்வது? அட்டவணை தப்பு என்று ஆரம்பிக்காதீர்கள், அவர் ஆசையாக உட்கார்ந்து போட்டது அது. ஹார்ட்லண்ட் கீ நாள் முழுக்க உங்களுக்கு, மற்ற நாள்கள் நம் இருவருக்கும் என்று ஆரம்பியுங்கள். வேண்டுமானால் இந்தப் பக்கத்தைக் கிழித்து அவர் மேசையில் வையுங்கள். அந்தக் கல்லைப் பற்றி நான் எழுதியதை அவர் படிக்கட்டும்.

சாண்டிமவுத்தில் கார் நிறுத்துமிடத்தின் பக்கத்தில் ஒரு டீக்கடை உண்டு. அந்தப் பருவத்தில் எத்தனை மணிக்கு மூடுகிறார்கள் என்று முன்கூட்டியே பார்த்துவிட்டுப் போங்கள். அவர் வந்து சேர நேரமாகலாம், ஒரு டீயும் கேக்கும் வாங்கி வைத்துக்கொண்டு காத்திருங்கள்.