ஆங்கில நூலின் இண்டெக்ஸில் ஸ்பானியப் பெயர்களை எந்த எழுத்தில் வைப்பது?

லத்தீன் அமெரிக்க வரலாறு பற்றிய ஆங்கில நூல் ஒன்றுக்கு இண்டெக்ஸ் போடுவதாகச் சொல்லி, "காப்ரியேல் கார்சியா மார்க்கேஸ் 'ஜி'யில் வருவாரா, 'எம்'மிலா? எல்லோருக்கும் கடைசிச் சொல்லையே எடுத்துக்கொண்டால் என்ன?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அவர் 'ஜி'யில்தான் வருவார். கடைசிச் சொல்லை எடுத்தால் நிறையப் பேர் தப்பான இடத்தில் போய் உட்கார்ந்துவிடுவார்கள்.

ஸ்பானிய வழக்கில் ஒருவருக்கு இரண்டு குடும்பப் பெயர்கள். பெரும்பாலும் அப்பா வழிப் பெயர் முதலில், அம்மா வழிப் பெயர் அடுத்து. இவருடைய அப்பா காப்ரியேல் எலிஹியோ கார்சியா, அம்மா லூயிசா சந்தியாகா மார்க்கேஸ். நம் இலக்கியக் கூட்டங்களில் வாய் நிறைய "மார்க்கேஸ்" என்று சொல்கிறோமே, அது அவருடைய அம்மா வீட்டுப் பெயர். இண்டெக்ஸில் இரண்டையும் பிரிக்காமல் 'கார்சியா மார்க்கேஸ்' என்று எழுதி, காற்புள்ளி வைத்து, பிறகு 'காப்ரியேல்' என்று போட வேண்டும். மரியோ வர்காஸ் யோசாவும் இப்படியே 'வி'யில் வருவார். ஃபிடல் காஸ்ட்ரோவின் முழுப்பெயரில் 'ரூஸ்' என்று ஒரு வால் உண்டு. நூலாசிரியர் அதை எங்கும் எழுதவில்லை என்றால் நீங்களும் தேடிப் போய் ஒட்ட வேண்டாம்.

ஸ்பெயினில் 2017 முதல் எந்தப் பெயர் முன்னால் வர வேண்டும் என்பதைப் பெற்றோரே முடிவு செய்கிறார்கள், அப்பா பெயருக்குத் தானாக முன்னுரிமை கிடையாது. நமக்கு இதனால் வேலை கூடாது. எது முன்னால் நிற்கிறதோ அதன் எழுத்துதான்.

சிக்கல் அப்பா பெயர் ரொம்பச் சாதாரணமாக இருக்கும்போது வருகிறது. கார்சியா, ரோட்ரீகெஸ், லோபெஸ் எல்லாம் தெருவுக்கு நாலு பேர் இருக்கும் பெயர்கள். அதனால் மக்கள் அம்மா வழிப் பெயரைப் பிடித்துக்கொள்வார்கள். கவிஞர் ஃபெடரிகோ கார்சியா லோர்காவை உலகமே 'லோர்கா' என்கிறது. ஆனால் தன் நூல்களில் அவர் இரண்டு பெயரையும் போட்டுக்கொண்டார், ஆகவே 'ஜி'. ஸ்பெயினின் முன்னாள் பிரதமர் ஹோசே லூயிஸ் ரோட்ரீகெஸ் சபாதேரோ 'ஆர்'. பிக்காஸோ கதை வேறு. அப்பா பெயரான ரூயிஸை அவரே கையெழுத்திலிருந்து கழற்றிவிட்டார், அதனால் தயங்காமல் 'பி'. ஊர் எப்படி அழைத்தது என்பதைவிட, அந்த ஆள் தன் பெயரை எப்படி எழுதினார் என்பதுதான் என் கணக்கில் பெரிது.

அதற்காக 'எல்'லில் லோர்காவைத் தேடும் வாசகரைக் கைவிடக் கூடாது. அங்கே ஒரு 'காண்க' குறிப்பு வையுங்கள். மொத்தமே இரண்டு மூன்று பக்க எண்கள் என்றால் குறிப்புகூட வேண்டாம், இரண்டு இடத்திலும் எண்களையே கொடுத்துவிடலாம். இரண்டு எண்ணுக்காக வாசகரை இங்கிருந்து அங்கே துரத்தும் இண்டெக்ஸ்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

சில குடும்பப் பெயர்கள் முதற்பெயர் மாதிரியே இருக்கும். 1906இல் மருத்துவ நோபல் வாங்கிய சாந்தியாகோ ரமோன் இ காஹாலில் 'ரமோன்' குடும்பப் பெயர். 'ஆர்'தான், 'சி' இல்லை. நடுவில் வரும் 'இ' இரண்டு குடும்பப் பெயர்களை இணைக்கும் 'உம்'. தத்துவவாதி ஒர்தேகா இ கஸேத் 'ஓ'வில் வருவதும் அதனால்தான். குவாத்தமாலாவை 1978 முதல் 1982 வரை ஆண்ட ரொமேயோ லூகாஸ் கார்சியா 'எல்'. லூகாஸை முதற்பெயர் என்று நினைத்து அவரை 'ஜி'யில் தள்ளிவிடுவது ரொம்பச் சுலபம்.

'தே' என்ற சொட்டுச் சொல்லைப் பின்னால் கொண்டுபோக வேண்டும். மிகேல் தே செர்வாந்தெஸ் 'சி'. ஆனால் பழைய காலத்து ஆட்களிடம் விதியைவிட ஆங்கில வழக்கு ஓங்கி நிற்கும். மெக்சிகோவின் அந்தோனியோ லோபெஸ் தே சாந்தா அன்னா விதிப்படி 'எல்'லுக்குப் போக வேண்டியவர், ஆங்கில நூல்களில் 'எஸ்'ஸில் இருப்பார். பார்த்தொலொமே தே லாஸ் காஸாஸை நூலகப் பட்டியல்கள் 'சி'யில் வைக்கும். உங்கள் ஆசிரியர் நூல் முழுக்க 'லாஸ் காஸாஸ்' என்று எழுதியிருந்தால் 'எல்'லில் வைத்து, 'சி'யில் ஒரு 'காண்க' போடுங்கள். கன்னித்துறவி சோர் ஹுவானா இனெஸ் தே லா குரூஸ் 'ஜே'. அது துறவறப் பெயர், குடும்பப் பெயராகப் பிரிக்க அதில் ஒன்றும் இல்லை.

மணமான பெண்களின் பெயரில் 'தே'க்குப் பின்னால் கணவர் பெயர் நிற்கலாம். நிகராகுவாவின் அதிபராக இருந்த வியோலெத்தா பாரியோஸ் தே சமோரோ, பிறப்பால் பாரியோஸ். ஆங்கிலத்தில் அவரைச் சமோரோ என்றே எழுதுகிறார்கள் என்பதால் 'சி'யில் தேடுவார்கள். அர்ஜென்டினாவின் கிறிஸ்தீனா ஃபெர்னாந்தெஸ் தே கிர்ச்னரை நான் 'எஃப்'பில் வைத்து 'கே'யிலிருந்து வழிகாட்டுவேன்.

பெயரின் தோற்றத்தைப் பார்த்து நாட்டை முடிவு செய்யாதீர்கள். போர்த்துகீசிய வழக்கில் பெரும்பாலும் அப்பா பெயர் கடைசியில் வரும். பிரேசிலின் ஃபெர்னாண்டோ என்ரிக்கே கார்டோசோ 'சி', போர்ச்சுகலின் அன்டோனியோ டி ஒலிவேரா சலாசாருக்குக் கடைசிப் பெயர் அம்மா வழி என்றாலும் அவரும் 'எஸ்'தான். பிலிப்பைன்ஸிலும் அம்மா பெயர் நடுவில்: ஃபெர்டினாண்ட் எட்ராலின் மார்க்கோஸ் 'எம்'. அமெரிக்கத் தொழிற்சங்கத் தலைவர் சீசர் எஸ்த்ராடா சாவேஸில் எஸ்த்ராடா அம்மா வழி, அவர் 'சி'. சந்தேகம் வந்தால் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் பெயர்ப் பட்டியல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இறுதித் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாவிட்டாலும் நல்ல துணை.

இனி வரிசைப்படுத்தல். ஒற்றைப் பெயர் கார்சியாக்கள் எல்லோரும் முதலில் முடிய வேண்டும், பிறகுதான் கார்சியா லோர்கா, கார்சியா மார்க்கேஸ். பழைய ஸ்பானிய அகராதிகளில் 'சி-எச்' தனி எழுத்து, 'சி'யில் தொடங்கும் சொற்கள் எல்லாம் தீர்ந்த பிறகு வரும். 1994இல் ஸ்பானிய மொழி அகாதமிகள் அந்த வரிசையைக் கைவிட்டன. ஆங்கில இண்டெக்ஸில் சாவேஸ் எப்போதுமே செர்வாந்தெஸுக்கும் கொர்தேஸுக்கும் நடுவில்தான். தலையில் குறியுள்ள எழுத்துகளைக் குறியே இல்லாதது போல வரிசைப்படுத்துங்கள். ஸ்பானியத்தில் தனி எழுத்தான 'என்யே'யும் இங்கே வெறும் 'என்'தான். சில மென்பொருள்கள் குறி போட்ட 'ஏ'யை 'இசட்'டுக்குக் கீழே தள்ளிவிடும், ஆகவே ஃபைலை அனுப்பும் முன் ஆல்வரெஸ் எங்கே நிற்கிறார் என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.