கசிந்த கடிதம் நிஜமா? கேட்டவர்களுக்குப் பதில்கள்

ஈரோட்டில் ஒரு அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் வேலையில் தொடங்கி, பிறகு கோவையில் ஒரு நாளிதழின் செய்தி மேசையில் 27 வருடம் இருந்தவன் நான். தேர்தல் நெருங்கினாலே "ரகசியக் கடிதம்", "கசிந்த அரசாணை" என்று ஃபோனில் வந்து குவிகிறதே, எதை நம்புவது என்று பலர் கேட்டிருந்தீர்கள். சில கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கோபியிலிருந்து ஒரு ஆசிரியர்: ஐயா, 1967-ல் ஒரு அமைச்சர் எழுதின அரசாங்கக் கடிதம்னு ஒரு படம் எங்க குரூப்பில் சுத்துது. தாள் மஞ்சளா, ஓரம் கிழிஞ்சு, பழசாத்தான் தெரியுது. நம்பலாமுங்களா?

நம்ப வேண்டாம். தாளின் நிறத்தை விடுங்கள், டீத்தண்ணீரில் நனைத்தால் எந்தத் தாளும் மஞ்சளாகும். எழுத்தைப் பாருங்கள். மூன்றாவது வரியில் "நிலைமை", "வேலை" இரண்டிலும் லை இன்றைக்கு நாம் எழுதுகிற மாதிரியே இருக்கிறது. அந்தக் காலத்து அரசு அச்சில் லை, ணை, னை, ளை நான்கும் யானைத் துதிக்கை போலச் சுழித்துத்தான் வரும். நம்ம ஈரோட்டுப் பெரியார் 1935-லேயே குடி அரசில் புது வடிவத்தைப் புழங்க ஆரம்பித்துவிட்டார். அரசு அதை ஏற்றதோ எம்.ஜி.ஆர். ஆட்சியில், 1978 அக்டோபரில். பெரியார் இயக்க வெளியீடு என்றால் 1967-ல் இந்த எழுத்து இருக்கலாம், அரசுக் கடிதத்தில் இருக்க வழியில்லை. நான் வேலை கற்றுக்கொண்ட அச்சகத்தில் பழைய துதிக்கை எழுத்துகள் ஒரு பெட்டி நிறையக் கிடந்தன. அதனால் இது கண்ணில் உடனே உறுத்தியது.

இன்னொன்று, தலைப்பில் "சென்னை 600 009" என்று இருக்கிறது. ஆறு இலக்க பின்கோடு வந்ததே 1972 ஆகஸ்ட் 15-ல். ஒரு தவறு என்றால் விளக்கம் தேடலாம். இரண்டும் ஒரே தாளில் இருந்தால் அது பிற்காலத்தில் செய்தது.

திருப்பூர், பனியன் கம்பெனி கணக்கர்: அண்ணா, நாங்க ஏமாறுறது சரி. பெரிய பத்திரிகை, டிவிக்காரங்க கூடவா ஏமாறுவாங்க?

ஏமாந்திருக்கிறார்கள். 1983-ல் ஜெர்மனியின் ஸ்டெர்ன் இதழ் 90 லட்சம் மார்க்குக்கு மேல் கொடுத்து ஹிட்லரின் நாட்குறிப்புகளை வாங்கியது. கையெழுத்து நிபுணர்கள் ஒத்துப்போகிறது என்றார்கள். ஒப்பிடுவதற்கு அவர்களிடம் கொடுத்த மாதிரிகளிலும் அதே மோசடிக்காரர் எழுதியவை இருந்தன! கடைசியில் தாளைச் சோதித்தபோது, போருக்குப் பிறகே புழக்கத்துக்கு வந்த வெளுப்பான் அதில் இருந்தது தெரிந்தது.

2004-ல் அமெரிக்காவின் சி.பி.எஸ். டிவி, அதிபர் புஷ்ஷின் ராணுவப் பணி பற்றி 1970களில் தட்டச்சு செய்ததாகச் சில குறிப்புகளைக் காட்டியது. எழுத்து அமைப்போ மைக்ரோசாஃப்ட் வேர்டில் அடித்தது போலவே இருந்தது. அசல் தாள் யாரிடமும் இல்லை, எல்லாம் நகல். 12 நாளில் மன்னிப்புக் கேட்டார்கள். பக்கத்து நாட்டில் 2017-ல் நவாஸ் ஷெரீஃப் குடும்ப வழக்கில், 2006 தேதியிட்ட பத்திரம் கேலிப்ரி எழுத்துருவில் இருந்தது. அது பொதுப் புழக்கத்துக்கு வந்தது 2007-ல்.

என் கதையையும் சொல்கிறேன். 2009 மக்களவைத் தேர்தல் நேரம். ஒரு வேட்பாளர் 2006-ல் ஒரு ஒப்பந்தக்காரருக்கு எழுதியதாக ஒரு கடித நகல் ராத்திரி பத்து மணிக்கு வந்தது. எனக்கு அந்த வேட்பாளரைப் பிடிக்காது. படித்த உடனே மனம் அதை நம்பிவிட்டது, முதல் பக்கத்தில் இடம்கூட ஒதுக்கிவிட்டேன். பிழை திருத்துகிற தம்பி வந்து, "அண்ணா, முகவரியில திருப்பூர் மாவட்டம்னு இருக்குதுங்க" என்றார். திருப்பூர் மாவட்டம் உருவானது 2009 பிப்ரவரியில். 2006-ல் அது கோவை மாவட்டம். என் கண்ணுக்கு முன்னால் இருந்தது, எனக்குத் தெரியவில்லை. பிடிக்காதவர் ஒருவரைப் பற்றியதாக இல்லாமல் இருந்திருந்தால் தெரிந்திருக்கும். அந்த ராத்திரிக்குப் பிறகு, படித்ததும் எனக்குச் சந்தோஷம் தருகிற தாளைத்தான் முதலில் சந்தேகப்படுகிறேன்.

இந்த மாவட்டக் கணக்கு நம் பக்கத்தில் நன்றாகவே உதவும். ஈரோடு 1979-ல் கோவையிலிருந்து பிரிந்தபோது அதன் பெயர் பெரியார் மாவட்டம். நாமக்கல் 1997-ல் சேலத்திலிருந்து பிரிந்தது.

பொள்ளாச்சி, தென்னை விவசாயி: அரசாணைன்னு வந்தா எதைப் பார்க்கோணும்?

தேதியைப் பாருங்கள். தமிழக அரசாணைகளில் ஆங்கிலத் தேதியோடு தமிழ் ஆண்டு, மாதம், திருவள்ளுவர் ஆண்டு எல்லாம் இருக்கும். போலி செய்கிறவர்கள் பெரும்பாலும் பழைய ஆணை ஒன்றை எடுத்து ஆங்கிலத் தேதியை மட்டும் மாற்றுவார்கள். 2024 ஜூலைக் கடைசியில் வந்த ஆணை என்றால் குரோதி, ஆடி, திருவள்ளுவர் ஆண்டு 2055 என்று இருக்க வேண்டும். ஆங்கில ஆண்டோடு 31 கூட்டுங்கள். ஜனவரியில் தை பிறக்கும் முன் என்றால் 30.

அப்புறம் ஆணை எண்ணையும் துறையையும் வைத்து அரசு இணையதளத்தில் தேடுங்கள். இல்லாவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, அந்த எண், தேதியுள்ள ஆணையின் நகல் கேளுங்கள். பதில் தர 30 நாள் கெடு. "இது உண்மையா?" என்று கேட்காதீர்கள், நகல் வேண்டும் என்று கேளுங்கள். கருத்துக் கேட்டால் மழுப்ப இடம் கிடைத்துவிடும்.

கரூர், கல்லூரி மாணவி: வாட்ஸ்அப்பில் வந்த படத்தை வைத்து எப்போது உருவானது என்று கண்டுபிடிக்க முடியுமா, சார்?

படமாக வந்தால் முடியாதம்மா. வாட்ஸ்அப் அதைச் சுருக்கும்போது அந்த விவரங்கள் போய்விடும். அசல் பி.டி.எஃப். கேளுங்கள். அதிலும் தேதியை மாற்ற முடியும் என்பதை மறக்க வேண்டாம். கசிந்தது மின்னஞ்சல் என்றால் கொஞ்சம் வசதி. பல நிறுவனங்களின் அஞ்சலில் அனுப்பிய சர்வர் ஒரு டிஜிட்டல் முத்திரை பதிக்கும், முத்திரை பதித்த பகுதியில் ஒரு எழுத்து மாறினாலும் முத்திரை ஒத்துப்போகாது. ஸ்க்ரீன்ஷாட்டில் அது வராது, முழு அஞ்சல் கோப்பு வேண்டும்.

நாமக்கல், லாரி பட்டறை வைத்திருப்பவர்: ஒரே தாளை ஒரு சேனல் "ஊழல் அம்பலம்"ங்குது, இன்னொண்ணு "சதி"ங்குது. தாள் ஒண்ணுதானுங்களே?

தாள் ஒன்றுதான், எவ்வளவு காட்டுகிறார்கள் என்பதுதான் வேறு. 2019 பிப்ரவரியில் தி இந்து, ரஃபேல் விமான ஒப்பந்தம் பற்றிய பாதுகாப்பு அமைச்சகக் குறிப்பு ஒன்றை வெளியிட்டது. பிரதமர் அலுவலகம் தனியாகப் பேச்சு நடத்துவதை அதிகாரிகள் ஆட்சேபித்தது அதில் இருந்தது. அதே தாளில் அன்றைய அமைச்சர் மனோகர் பாரிக்கர், அந்த ஆட்சேபம் மிகையாகத் தோன்றுகிறது என்று கைப்பட எழுதியிருந்தார். அச்சான படத்தில் அந்தப் பகுதி இல்லை. அன்றைக்கே ஏ.என்.ஐ. செய்தி நிறுவனம் முழுத் தாளையும் வெளியிட்டது. வெளியானது நிஜம், ஆனால் முழுசு இல்லை.

அடுத்து நடந்ததையும் பாருங்கள். மார்ச்சில் அரசுத் தரப்பு உச்ச நீதிமன்றத்தில், அந்த ஆவணங்கள் திருடப்பட்டவை என்றது. திருட்டுப் புகார் கொடுத்தால் பொருள் என்னுடையது என்று ஒத்துக்கொண்டதாகத்தானே ஆகும்? ஏப்ரல் 10 அன்று நீதிமன்றம், கசிந்தவை என்றாலும் அவற்றைப் பரிசீலிக்கலாம் என்றது. அதே நீதிமன்றம் நவம்பரில், ஒப்பந்தத்தை விசாரிக்கக் கேட்ட சீராய்வு மனுக்களைத் தள்ளுபடி செய்தது. தாள் செல்லும் என்பது வேறு, அதை வைத்துச் சொல்கிற குற்றச்சாட்டு நிற்கும் என்பது வேறு. எந்தச் சேனலும் இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லவில்லை என்பதுதான் என் வருத்தம்.

அதனால் மறுப்பை வார்த்தை வார்த்தையாகப் படியுங்கள். "இப்படி ஒரு கடிதமே இல்லை" என்றால் ஒரு பொருள். "திரித்துச் சொல்கிறார்கள்", "எப்படி வெளியே போனது என்று விசாரிப்போம்" என்றால் கடிதம் இருக்கிறது. கட்சிப் பத்திரிகையையும் ஒதுக்காதீர்கள். தன் கட்சிக்குச் சாதகமாக எழுதுவதை அரைப்படி எடுத்துக்கொண்டு, பாதகமாக ஒன்றை ஒத்துக்கொண்டால் அதை முழுப்படியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

மேட்டுப்பாளையம்: அரசே உண்மை சரிபார்ப்பகம் வைத்திருக்கிறதே?

பழைய படம், வெள்ள வதந்தி மாதிரி விஷயங்களுக்குப் பயன்படும். ஆவணமே அரசைப் பற்றியது என்றால் அவர்களும் ஒரு தரப்புதான். மத்திய அரசு 2023-ல் கொண்டுவந்த சரிபார்ப்பு விதியை பம்பாய் உயர் நீதிமன்றம் 2024 செப்டம்பரில் ரத்து செய்தது. வெளியார் சரிபார்த்ததையும் சேர்த்துப் பாருங்கள்.

சத்தியமங்கலம், ஊராட்சி முன்னாள் உறுப்பினர்: நாளைக்கு ஓட்டு. இன்னிக்கு ராத்திரி ஒரு கடிதம் வருது. சரிபார்க்க நேரமில்லை. என்ன பண்றதுங்க?

அனுப்புகிறவர்கள் நம்பியிருப்பதே அந்த நேரமின்மையைத்தான். பிரிட்டனில் 1924-ல், சோவியத் தலைவர் சினோவியேவ் அந்நாட்டுக் கம்யூனிஸ்டுகளைக் கிளர்ச்சிக்குத் தூண்டி எழுதியதாகச் சொன்ன கடிதம் வெளியானது தேர்தலுக்கு நான்கு நாள் முன்பு. தொழிற்கட்சி தோற்றது. அது போலி என்று பின்னாளில் ஆய்வாளர்கள் முடிவு செய்தபோது யாருக்கு என்ன பயன்? 2017-ல் பிரான்சில் மக்ரோனின் பிரசாரக் குழு அஞ்சல்கள் கசிந்தது கடைசிச் சுற்றுக்கு இரண்டு நாள் முன்பு. நிஜ அஞ்சல்களோடு போலியும் கலந்திருப்பதாகக் குழு சொன்னது. அங்கே தேர்தல் பிரசாரத்தைக் கண்காணிக்கும் ஆணையம், அவற்றை வெளியிட வேண்டாம் என்று ஊடகங்களைக் கேட்டுக்கொண்டது.

யாருக்கும் அனுப்பாதீர்கள். "உண்மையா தெரியல, பாருங்க" என்று போட்டு அனுப்புவதும் அனுப்புவதுதான். அனுப்பியவரிடம் மட்டும் கேளுங்கள்: அசல் யாரிடம் இருக்கிறது, உங்களுக்கு யார் கொடுத்தது? பதில் வராவிட்டால், அந்தக் கடிதம் வராதது போலவே நினைத்துக் காலையில் ஓட்டுப் போட்டுவிட்டு வாருங்கள். தேர்தல் முடிந்த பிறகு அதை எனக்கு அனுப்புங்கள், உட்கார்ந்து பார்க்கலாம்.